திட்ட வீட்டுச் சுவர் வெடித்தால் முதலில் யாருக்கு எழுதுவது?

மூதூருக்கு அப்பால் என் அக்காவின் வீடு இருக்கிறது. அரசாங்கத் திட்டமொன்றில் கொந்தராத்துக்காரர் கட்டி முடித்து, போன வருடம் பங்குனிக் கடைசியில் திறப்பைக் கையில் கொடுத்த வீடு. கார்த்திகை மழை தொடங்கியதும் முன்னறை ஜன்னலின் மேல்மூலையிலிருந்து கூரையை நோக்கிச் சரிவாக ஒரு கோடு ஓடியது. முதலில் மயிரிழைதான். தைப்பொங்கலுக்கு நான் போனபோது ஒரு பத்து ரூபாய்க் குற்றியை அதற்குள் செருகினால் விழாமல் நின்றது. அக்கா அந்தக் கோட்டின் நுனியில் பென்சிலால் ஒரு குறுக்குக் கீறு போட்டு, பக்கத்தில் திகதியும் எழுதி வைத்திருந்தார். ஐந்து கீறுகள், ஐந்து திகதிகள். ஒவ்வொன்றும் முந்தியதைவிட மேலே ஏறியிருந்தது.

அந்தச் சுவரைப் பார்த்த எல்லோரும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கிராம உத்தியோகத்தரிடம் கடிதம் கொடு என்றார் ஒருவர். எம்.பி.யைப் பிடி என்றார் இன்னொருவர். மனித உரிமை ஆணைக்குழு, பத்திரிகை, வழக்கு என்று பட்டியல் நீண்டது. அக்கா கேட்டது ஒன்றுதான்: “தம்பி, எனக்கு இத்தனை இடத்துக்கும் பஸ் ஏற முடியாது. முதலில் எங்கே போக வேண்டும், அதைச் சொல்.” அந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் தேடியதில் எனக்குத் தெரிந்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். திருகோணமலை மாவட்டத்தில் இதே நிலையில் பல குடும்பங்கள் இருக்கின்றன.

எந்த வாசலைத் தட்டுவது என்று பார்ப்பதற்கு முன், வீடு எந்த முறையில் கட்டப்பட்டது என்று பார்க்க வேண்டும். இங்கே இரண்டு முறைகள் உண்டு. ஒன்று, பணத்தைத் தவணை தவணையாகப் பயனாளியின் வங்கிக் கணக்கில் போட்டு, அவரையே கட்டச் செய்வது. 2004 சுனாமிக்குப் பிறகு முழுதாக அழிந்த வீட்டுக்கு 2,50,000 ரூபாயும் பகுதி சேதத்துக்கு 1,00,000 ரூபாயும் அப்படித்தான் கொடுக்கப்பட்டன. பின்னர் வந்த இந்திய வீட்டுத்திட்டத்திலும் வடக்கு கிழக்கில் பெரும்பாலானோருக்கு 5,50,000 ரூபாய் அந்த முறையில்தான் போனது. அத்திவாரம் முடிந்ததும் தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து பார்ப்பார். அடுத்த தவணை விழும். இந்த முறையில் மேசனைப் பிடித்ததும் சீமெந்து வாங்கியதும் வீட்டுக்காரர்தான். சுவர் வெடித்தால் அலுவலகம் அவரைத்தான் திரும்பிப் பார்க்கும். அங்கே கேட்க வேண்டிய கேள்வி, “தவணை கொடுக்கும்போது பார்வையிட்டவர் என்ன எழுதினார்?” என்பது மட்டுமே.

மற்றது, அலுவலகமே கொந்தராத்துக்காரரை நியமித்துக் கட்டிக் கொடுப்பது. இதில் ஒப்பந்தம் அலுவலகத்துக்கும் கொந்தராத்துக்காரருக்கும் இடையில்தான். குடியிருப்பவர் அந்தத் தாளில் ஒரு தரப்பே இல்லை. அக்கா கையெழுத்திட்டது கையளிப்புப் படிவத்தில் மட்டும். அந்தப் படிவம் சிங்களத்தில் இருந்தது. அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை வடக்கு, கிழக்கு மாகாணங்களில் நிருவாக மொழி தமிழ் என்கிறது. அதை எடுத்துச் சொல்ல அன்று அங்கே யாரும் இல்லை. தான் எதை ஒப்புக்கொண்டோம் என்று தெரியாமலே அக்கா திறப்பை வாங்கினார்.

இனி வாசல்களுக்கு வருகிறேன்.

பெரும்பாலானோர் முதலில் போவது கிராம உத்தியோகத்தர், பிரதேச செயலகம், திட்டத்தை நடத்திய அலுவலகம் என்ற வழியில். செலவு இல்லை, தூரம் இல்லை, ஆட்கள் தெரிந்தவர்கள். ஆனால் வாய்முறைப்பாடு காற்றோடு போகும். அக்கா மார்கழியில் இரண்டு முறை போனார். முதல் முறை, “புது வீடு, இருந்து பழகும்போது கொஞ்சம் வெடிக்கும்” என்றார்கள். இரண்டாம் முறை, அந்தப் பகுதிக்குப் பொறுப்பானவர் மாறிவிட்டார் என்றார்கள். அக்கா அங்கே போனதற்கு எந்தப் பதிவும் இல்லை. இந்த வழியை விட வேண்டாம் என்பேன். ஆனால் இரண்டு பிரதியாக எழுதிக்கொண்டு போய், தன்னிடம் இருக்கும் பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் திரும்பக் கூடாது. முத்திரை குத்த மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பலாம். தபால் பற்றுச்சீட்டே சாட்சி.

அரசியல்வாதியும் பத்திரிகையும் அடுத்து வருகின்றன. நேரடியாகவே சொல்கிறேன்: ஒரு வீட்டுச் சுவருக்கு இது சரியான வழி இல்லை. ஒருவர் வந்து பார்ப்பார், படம் எடுப்பார்கள், தொலைபேசியில் யாரையோ கூப்பிட்டுப் பேசுவார். வெடிப்பின் மேல் சாந்து பூசிவிட்டுப் போவார்கள். பூச்சு ஒரு மாரிக்குத் தாங்கும். அதைவிடப் பெரிய நட்டம், பூசிய பிறகு வெடிப்புக்கான அடையாளமே மறைந்துவிடும். அக்காவிடம் நான் கெஞ்சிக் கேட்டுக்கொண்டது அதைத்தான்: யார் பூச வந்தாலும் அளந்து, அளவுகோலை வைத்துப் படம் எடுக்கும்வரை விடாதீர்கள்.

ஆனால் கொள்கைப் பிரச்சினை என்றால் இந்த வாசல்தான் சரி. 2015 முதல் 2019 வரை மாதிரிக் கிராமத் திட்டத்தில் வீடு தொடங்கியவர்களை நினைத்துப் பாருங்கள். ஆட்சி மாறியதும் தவணை நின்றது. சுவர் எழும்பிக் கூரையில்லாமல் நின்ற வீடுகளைச் சுற்றி எருக்கலை முளைத்தது. மிச்ச வேலைக்குக் கடன் வாங்கியவர்கள் இன்னும் வட்டி கட்டுகிறார்கள். அது ஒரு சுவரின் பழுது இல்லை. பணம் ஒதுக்கும் முடிவு. அதை மாற்றக் கூடியது பாராளுமன்றம்தான். ஒரு எம்.பி. மூலம் பொது மனுக் குழுவுக்கு ஐம்பது குடும்பங்கள் சேர்ந்து மனுக் கொடுப்பது அங்கே பொருந்தும். 2015, 2016 காலத்தில் மீள்குடியேறியவர்களுக்கு 65,000 உருக்கு வீடுகள் என்ற திட்டம் வந்தபோது, ஒரு வீட்டுக்கு ஏறக்குறைய 21 இலட்சம் ரூபாய் எதற்கு, உப்புக்காற்றில் அது எத்தனை காலம் நிற்கும் என்று பொறியியலாளர்களும் சிவில் அமைப்புகளும் பிரதிநிதிகளும் ஒன்றாகக் கேட்டார்கள். அந்தத் திட்டம் நினைத்தபடி நடக்கவில்லை. பலர் சேர்ந்து பகிரங்கமாகக் கேட்டதன் பலன் அது. அக்காவின் ஜன்னல் மூலைக்கு அந்த அளவு ஆட்படை கிடைக்காது.

நீதிமன்றம் பற்றி ஊரில் நிறையப் பிழையான நம்பிக்கைகள் உலவுகின்றன. வீடு அடிப்படை உரிமை, நேரே உயர் நீதிமன்றம் போகலாம் என்கிறார்கள். போதிய உணவு, உடை, உறைவிடம் என்பது அரசியலமைப்பில் 27ஆம் உறுப்புரையில், அரச கொள்கையின் வழிகாட்டற் கோட்பாடுகளுக்குள் இருக்கிறது. அந்தக் கோட்பாடுகளை வைத்து வழக்குத் தொடர முடியாது என்று 29ஆம் உறுப்புரை சொல்லிவிடுகிறது. ஆகவே 12ஆம் உறுப்புரையைப் பிடித்து, சட்டத்தின் முன் சமத்துவம் மறுக்கப்பட்டது என்றுதான் வாதிட வேண்டியிருக்கும். அதுவும் உரிமை மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள், கொழும்பில். அக்காவின் முதல் கீறு கார்த்திகையில் விழுந்தது. நான் அதைப் பார்த்தது தையில். ஒரு மாதம் எப்போதோ போய்விட்டது.

எழுத்தாணை மனு இன்னொரு வழி. செய்ய வேண்டிய கடமையை ஓர் அதிகாரசபை செய்யவில்லை என்றால், செய்யும்படி கட்டளையிடக் கேட்கலாம். மாகாண விடயங்களில் மாகாண மேல் நீதிமன்றத்துக்கு அந்த அதிகாரம் உண்டு. அது திருகோணமலையிலேயே இருக்கிறது. ஆனால் கட்டியது மத்திய நிறுவனமா, மாகாண நிறுவனமா என்பதில் முதல் வாதமே தொடங்கும். தேசிய வீடமைப்பு அதிகாரசபை மத்திய அரசின் கீழ் வருவது. கிழக்கு மாகாணத்துக்கென்று தனியாக ஒரு வீடமைப்பு அதிகாரசபையும் உண்டு. ஆள் மாறினால் நீதிமன்றமும் மாறும். கொந்தராத்துக்காரருக்கு எதிராக மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈடு கேட்கும் வழி இருக்கிறது. தவறிழைத்ததற்கான நட்டஈட்டுக்கு இரண்டு வருடம்தான் காலவரை. வசதி குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இலவசமாக உதவும். ஆனால் எந்தச் சட்டத்தரணியிடம் போனாலும் முதல் கேள்வி ஒன்றாகத்தான் இருக்கும்: “என்ன கட்ட ஒப்புக்கொண்டார்கள்? தாள் இருக்கிறதா?”

இந்த இடத்தில்தான் எனக்குத் தெளிவு வந்தது. எல்லா வாசலிலும் கேட்பது அந்தத் தாளைத்தான். அந்தத் தாள் இருப்பதோ, நாம் யாரைக் குற்றம் சொல்கிறோமோ அவர்களின் அலுமாரியில்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதைப் பத்திரிகையாளர்களுக்கான சட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. குடிமகன் எவரும், எதற்குக் கேட்கிறோம் என்று காரணம் சொல்லாமல், கட்டணம் கட்டாமல், ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கேட்கலாம். அலுவலகத்தின் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டாலோ மறுத்தாலோ 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அதுவும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு. உயிரோடும் தனிமனித சுதந்திரத்தோடும் சம்பந்தப்பட்ட தகவலென்றால் 48 மணித்தியாலத்தில் பதில் தர வேண்டும் என்றும் சட்டத்தில் இருக்கிறது. சாய்ந்துவரும் சுவருக்குக் கீழ் பிள்ளை படுத்திருக்கிற வீட்டுக்காரர் அந்த வரியைக் கடிதத்தில் எடுத்து எழுத வேண்டும்.

வெளிநாட்டு அரசின் பணத்தில் பொதுமக்களுக்குச் சேவை செய்யும் தொண்டு நிறுவனங்களும், அந்தச் சேவை தொடர்பான தகவலைப் பொறுத்தவரை, இந்தச் சட்டத்துக்குள் வருகின்றன. சுனாமிக்குப் பிறகும் போருக்குப் பிறகும் நம் மாவட்டத்தில் எத்தனை வீடு அப்படிக் கட்டப்பட்டது என்று யோசித்தால் இதன் பெறுமதி விளங்கும். இன்னொன்றும் உண்டு, யாரும் பேசுவதில்லை. 5 இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட உள்நாட்டு நிதித் திட்டமானாலும், ஒரு இலட்சம் அமெரிக்க டொலருக்கு மேற்பட்ட வெளிநாட்டு நிதித் திட்டமானாலும், வேலை தொடங்க மூன்று மாதம் முன்பே அதன் விபரத்தைப் பொதுமக்களுக்கும் பாதிக்கப்படக் கூடியவர்களுக்கும் அறிவிக்கும் கடமை அமைச்சருக்கு இருக்கிறது. அக்காவின் வீட்டு வரிசையில் ஒருவருக்கும் அப்படி எந்த விபரமும் வந்து சேரவில்லை.

என்ன கேட்பது என்பதில்தான் சூட்சுமம். “ஏன் வீடு வெடித்தது?” என்று கேட்டால் பதில் வராது, அது தகவல் இல்லை, அபிப்பிராயம். நாங்கள் கேட்டது ஐந்து ஆவணங்கள். அனுமதிக்கப்பட்ட வரைபடம். என்ன பொருள், எவ்வளவு, என்ன விலை என்று எழுதிய மதிப்பீட்டுத் தாள். வேலையை அளந்து பணம் கொடுத்த பதிவு. பார்வையிட்ட தொழில்நுட்ப உத்தியோகத்தரின் குறிப்பு. கடைசியாக, குறைதிருத்தக் காலம் எந்தத் திகதியில் முடிகிறது, தடுத்துவைத்த பணம் விடுவிக்கப்பட்டுவிட்டதா என்பதைக் காட்டும் கடிதம்.

அந்தக் கடைசி ஆவணத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அரச ஒப்பந்தங்களில் வேலை முடிந்ததும் முழுப் பணத்தையும் கொடுத்துவிடுவதில்லை. ஒரு பகுதியை, பொதுவாக ஒப்பந்தத் தொகையில் 5 சதவீதம் வரை, தடுத்துவைப்பார்கள். குறைதிருத்தக் காலம், வழக்கமாக ஒரு வருடம், முடியும்வரை வெளிப்படும் பழுதுகளைக் கொந்தராத்துக்காரர் தன் செலவில் திருத்த வேண்டும். திருத்தாவிட்டால் அந்தப் பணத்தில் அலுவலகம் திருத்திக்கொள்ளலாம். அந்த ஒரு வருடத்துக்குள் குடியிருப்பவரின் குரலுக்கு நிறை உண்டு. கடைசிப் பணமும் கைமாறிய பிறகு அதே குரலைக் கேட்க ஆள் கிடைப்பது மிகக் கடினம். இந்த விபரத்தைக் கையளிப்பு நாளில் பயனாளிகளிடம் சொல்லாமல் விடுவதுதான் என்னை அதிகம் கோபப்படுத்துகிறது. ஒரு மின்விசிறி வாங்கினால்கூட உத்தரவாத அட்டை தருகிறார்கள்.

அலுவலகம் ஐந்து வாரத்தில் பதில் தந்தது. பதினொரு பக்கம். முதல் நான்கு பக்கம் இலவசம், மிச்ச ஏழு பக்கத்துக்குப் பக்கம் இரண்டு ரூபாய்படி பதினான்கு ரூபாய் கட்டினோம். வீட்டுக்கு வந்து அக்காவின் மேசையில் விரித்து வைத்து, மேசன் வேலை தெரிந்த என் சிநேகிதன் ஒருவனோடு வரி வரியாகப் பார்த்தோம். ஆறாம் பக்கத்தில் அது இருந்தது. சுவரின் தலையில் நான்கு பக்கமும் சுற்றி ஓட வேண்டிய கொங்கிறீட் வளையம், மேசன்மார் றிங் பீம் என்பார்கள், நீளம் அளந்து, விலை போட்டு, வேலை முடிந்தது என்று பணமும் கொடுக்கப்பட்டிருந்தது. சிநேகிதன் ஏணி வைத்து ஏறி, கூரைக்குக் கீழே பூச்சைச் சிறிது தட்டிப் பார்த்தான். உள்ளே வெறும் கல். ஜன்னலுக்கும் கதவுக்கும் மேலே தனித்தனி லிண்டல்கள் மட்டும் இருந்தன. கூரை வளைகளைச் சுவரோடு பிணைக்கக் கம்பியும் இல்லை.

இது கடலோரத்து மாவட்டம். 1964 மார்கழிச் சூறாவளி திருகோணமலையைத்தான் அடித்தது. 2020 டிசம்பர் 2 இரவு புரவி புயல் கரை கடந்தது திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையில். மகாவலி வந்து விழும் மூதூர்ப் பக்கத்து வயல்மண் மழைக்கு ஊதி, கோடையில் சுருங்கும். அத்திவாரம் சற்று அசைந்தாலும் நான்கு சுவரையும் ஒன்றாகப் பிடித்து வைப்பது அந்த வளையம்தான். அது இல்லாத சுவர் தன் மிக மெலிந்த இடத்தில், அதாவது ஜன்னல் மூலையில், பிரியத் தொடங்கும்.

மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் திருகோணமலையில் இருக்கிறது. தமிழில் எழுதலாம், செலவில்லை. அதன் பரிந்துரை யாரையும் கட்டுப்படுத்தாது என்பது குறைதான். ஆனால் 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு ஒரு முக்கியமான பயனைத் தருகிறது: மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் அங்கே முறையிட்டால், அவர்கள் விசாரிக்கும் காலம் உயர் நீதிமன்றத்துக்கான ஒரு மாதக் கணக்கில் சேராது. ஆகவே உங்கள் முறைப்பாட்டை எழுத்தில் நிராகரித்து ஒரு கடிதம் வந்தால், அந்த மாதத்துக்குள்ளேயே இங்கே ஒரு முறைப்பாட்டைப் பதிந்துவிடுங்கள். விசாரணை உண்மையில் நடக்கிறது என்பதற்கான கடிதத்தையும் கேட்டு வாங்குங்கள். நிருவாகத்துக்கான பாராளுமன்ற ஆணையாளருக்கும் நேரடியாக எழுதலாம். அவசரமில்லாத, அலுவலகத் தாமதம் மட்டுமான விடயங்களுக்கு அது பொருந்தும். சரியும் சுவருக்கு இல்லை. செய்யாத வேலைக்குப் பணம் போயிருப்பதாகத் தாளில் தெரிந்தால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவுக்கும் போகலாம். ஆனால் அது ஆட்களைத் தண்டிப்பதற்கான வழி. வீட்டைத் திருத்துவதற்கானது இல்லை. அக்காவுக்கு முதலில் வீடு வேண்டும்.

ஆகவே அக்காவுக்கு நான் சொன்ன ஒழுங்கு இது. கையளிப்புத் திகதியை முதலில் கண்டுபிடியுங்கள். ஒரு வருடம் ஆகவில்லையென்றால், தகவல் கோரிக்கையையும் பழுது பற்றிய எழுத்து அறிவித்தலையும் ஒரே நாளில், தனித்தனித் தபாலில் போடுங்கள். தாள் வரும்வரை அறிவித்தலைத் தள்ளிப்போட வேண்டாம். காலம் முடிவதற்குள் பழுதை அறிவித்ததுதான் பிறகு முக்கியமாகும். தாள் கிடைத்ததும் பக்க இலக்கத்தோடு இரண்டாவது கடிதம். வருடம் கடந்துவிட்டதென்றால் நேரே சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள், தகவல் கோரிக்கையைக் கூடவே வைத்துக்கொண்டு.

இரண்டாவது கடிதத்தில் நாங்கள் எழுதியது மூன்றே வரி: இந்தத் திகதிய ஆவணத்தின் ஆறாம் பக்கத்தில் உள்ள வேலை இந்த வீட்டில் செய்யப்படவில்லை, குறைதிருத்தக் காலம் முடிய இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது, தடுத்துவைத்த பணத்தை விடுவிக்க முன் நேரில் வந்து அளந்து பாருங்கள். மார்கழியில் இரண்டு முறை பதில் சொல்லாத அலுவலகத்திலிருந்து எட்டாம் நாள் ஒருவர் அளவு நாடாவோடு வந்தார். அக்காவின் பென்சில் கீறுகளைத் தன் புத்தகத்தில் திகதியோடு எழுதிக்கொண்டார். கூரை ஓடுகளைக் கழற்றி, சுவர்த் தலையில் கம்பி கட்டிக் கொங்கிறீட் போட்டுத் தர வேண்டும் என்று கொந்தராத்துக்காரருக்குக் கடிதம் போயிருக்கிறது. வேலை இன்னும் தொடங்கவில்லை.

அக்காவின் வரிசையில் ஐந்து வீடுகள், ஒரே கொந்தராத்து, ஒரே கையளிப்பு நாள். பக்கத்து வீட்டு ராத்தாவின் சுவரில் இன்னும் ஒரு கோடும் விழவில்லை. “வெடிக்காத வீட்டுக்கு எதற்கு முறைப்பாடு, இருக்கிற வீட்டையும் பறித்துவிட்டால்?” என்று பயந்தார். கையளித்த வீட்டை முறைப்பாடு செய்ததற்காகப் பறிக்க முடியாது என்று சொல்லி, ஆறாம் பக்கத்தின் பிரதி ஒன்றை அவரிடம் கொடுத்தேன். மறுநாள் காலை ஏணி கேட்டு அவருடைய மகன் வந்தான். அங்கேயும் வெறும் கல்தான். இதுவரை மூன்று வீட்டார் முறைப்பாட்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். மிச்ச இரண்டு வீட்டாரும் கல்லோயாப் பக்கம் அறுவடைக்குப் போயிருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள். காலம் முடிய இன்னும் பன்னிரண்டு நாட்கள் இருக்கின்றன.